பத்தி இறக்கிய பிறகு மழைத்தண்ணீர் உள்ளே வருகிறதா? கொழும்பு வீடுகளுக்கான கேள்வி-பதில்

கொழும்பில் காணி சிறியது, குடும்பம் பெரியது. அதனால் பின்னால் ஒரு குசினி, பக்கத்தில் பிள்ளைகளுக்கு ஒரு அறை, முன்னால் வாகனம் விட ஒரு கூரை என்று எல்லோரும் எதையாவது சேர்த்துக் கட்டிக்கொண்டே இருக்கிறோம். வீட்டோடு ஒட்டி இப்படி இறக்கும் கூரைப் பகுதியைத்தான் பத்தி என்கிறோம். கட்டும்போது வெயில். மே மாதம் பிறந்ததும் கேள்விகள் ஆரம்பமாகும். அப்படித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்குத்தான் இங்கே பதில். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, வத்தளை, தெஹிவளை பக்கத்துச் சாதாரண வீடுகளை நினைத்து எழுதியது, மாடித்தொடர்களுக்குப் பொருந்தாது.

முப்பது வருஷமாக வராத தண்ணீர், பின்னால் அறை கட்டிய பிறகு மட்டும் ஏன் வருகிறது?

முன்பு அந்தத் தண்ணீருக்குப் போக ஒரு வழி இருந்தது. பழைய கூரையிலிருந்து விழுந்தது, பின்வளவு மண்ணில் கொஞ்சம் ஊறியது, மிச்சம் மதிலோரமாக ஓடிக் கானுக்குப் போனது. யாரும் அதைக் கட்டவில்லை, தானாக அமைந்திருந்தது, அதனால் யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை. நீங்கள் அறையைக் கட்டியது சரியாக அந்த வழியின் மேலேதான்.

கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது ஒரு லீற்றர். 12 அடிக்கு 15 அடி அறை என்றால் கூரை ஏறத்தாழ 17 சதுர மீற்றர். 100 மில்லிமீற்றர் மழைக்கு 1,700 லீற்றர். இது பெரிய விஷயமில்லை. ஆனால் பழைய வீட்டுக் கூரையின் பின்பாதி, ஒரு 600 சதுர அடி, இப்போது இந்தப் புதிய கூரையின் மேல்தான் கொட்டுகிறது. அது இன்னொரு 5,600 லீற்றர். ஆக, மேசன் பாஸ் 17 சதுர மீற்றருக்கு என்று கூரை விளிம்பில் பூட்டிய பீலியில் 73 சதுர மீற்றர் தண்ணீர் வருகிறது. 1992 ஜூன் 4 ஆம் திகதி கொழும்பில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 490 மில்லிமீற்றர் பெய்தது. அப்படி ஒரு நாள் மறுபடி வந்தால் இதே இரண்டு கூரையிலும் 35,000 லீற்றருக்கு மேல் இறங்கும்.

இதோடு வளவு முழுக்கச் சீமெந்து போட்டிருப்பீர்கள், அல்லது இன்டர்லொக் கல். இன்டர்லொக் தண்ணீரை உறிஞ்சும் என்று விற்பார்கள். அடியில் கொன்கிரீட் போட்டு அதன்மேல் சாந்தில் பதித்த இன்டர்லொக் ஒரு சொட்டையும் உறிஞ்சாது.

எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்று பேர் வந்து மூன்று காரணம் சொல்லிவிட்டார்கள்.

மூன்று பேரும் வெயிலில் வந்து பார்த்திருப்பார்கள். மழை பெய்யும்போது நீங்களே குடையை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள், அதைவிடப் பெரிய பரிசோதனை கிடையாது. பீலி எந்த இடத்தில் வழிகிறது, பீலித்தண்ணீரைக் கீழே இறக்கும் டவுன் பைப்பின் வாயில் தண்ணீர் வேகமாக வருகிறதா அல்லது சும்மா ஒழுகுகிறதா, தரையில் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று எல்லாவற்றையும் கைபேசியில் வீடியோ எடுத்து வையுங்கள். பிறகு மேசனிடம் பேசும்போது அந்த வீடியோதான் பேசும்.

அப்புறம் நேரத்தைக் கவனியுங்கள். மழை தொடங்கிச் சில நிமிஷத்திலேயே ஈரம் தெரிந்தால் கூரை, அல்லது சுவரும் கூரையும் சேருமிடம். காற்றோடு அடிக்கும் மழைக்கு மட்டும், அதுவும் கடல் பக்கத்துச் சுவரில் மட்டும் என்றால் சுவரின் வெளிப்பூச்சில் வெடிப்பு, இல்லாவிட்டால் ஜன்னல் சட்டத்தைச் சுற்றியுள்ள இடைவெளி. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இது கொழும்பில் சர்வசாதாரணம். மழை விட்டு அரைநாள் கழித்துத் தரையோரம் ஈரமாகிறது என்றால் அது நிலத்துத் தண்ணீர். மழையே இல்லாத பெப்ரவரியிலும் ஈரம் இருந்தால் கூரையை விடுங்கள், உங்கள் குழாய்தான் எங்கோ கசிகிறது. தண்ணீர் திறக்கும் எல்லாப் பைப்பையும் இறுக்கி மூடி, மேல் தாங்கிக்குப் போகும் வால்வையும் மூடிவிட்டு மீற்றரைப் பாருங்கள். அப்போதும் ஓடினால் வீதியிலிருந்து வரும் குழாயில் கசிவு. அது அசையாவிட்டால், தாங்கியின் மட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு இரவு முழுக்கத் தண்ணீர் பாவிக்காமல் இருந்து பாருங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் வீட்டுக்குள் போகும் குழாயில் கசிவு.

மழைக்குக் காத்திருக்க முடியாவிட்டால் தோட்டத்துக் குழாயால் தண்ணீர் அடித்துப் பார்க்கலாம். ஒரே ஒரு விஷயம்: கீழிருந்து மேலே போங்கள். முதலில் சுவரின் அடி, பத்துப் பதினைந்து நிமிஷம். உள்ளே ஒருவர் நின்று பார்க்கட்டும். பிறகு ஜன்னல், அதற்குப் பிறகு கூரை சேருமிடம், கடைசியாகக் கூரை. மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துக்கொண்டு இறங்கும், எது காரணம் என்று கடைசிவரை தெரியாது.

தரையில் ஈரம் மேலிருந்து வருகிறதா கீழிருந்து வருகிறதா என்ற சந்தேகம் இருந்தால், இரண்டடி சதுரப் பொலித்தீன் துண்டை நான்கு பக்கமும் டேப் ஒட்டித் தரையில் இரண்டு நாள் விடுங்கள். அடிப்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் கீழிருந்து ஏறுகிறது. மேற்பக்கம் வியர்த்திருந்தால் அது அறையின் காற்று ஈரம். ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி சரியாகிவிடும்.

பழைய சுவரும் புதிய கூரையும் சேருமிடத்தில் ஒழுகுகிறது. சிலிக்கன் அடித்தோம், அடுத்த மழைக்கே மறுபடி வந்துவிட்டது.

வரத்தான் செய்யும். பழைய வீடு தன் பாட்டில் எப்போதோ இறங்கி அமர்ந்துவிட்டது. புதிய பகுதி இன்னும் அமர்ந்துகொண்டிருக்கிறது. கொலன்னாவை, வெல்லம்பிட்டி போன்ற இடங்களில் சதுப்பை நிரப்பிய காணி என்றால் இது இன்னும் மோசம், வருஷக்கணக்காக இறங்கும். அதற்கு மேல் வெயிலில் தகரம் நீளும், மழையில் சுருங்கும். இரண்டு அசையும் பொருளுக்கு நடுவில் சீமெந்துக் கரை பூசினால் வெடிக்கும், சிலிக்கன் அடித்தால் தூசிச் சுவரில் இருந்து உரிந்துவிடும்.

சரியான வழி பிளாஷிங் தகரம், அதாவது சுவரும் கூரையும் சேரும் இடுக்கை மூடும் மடித்த தகரம், அதுவும் சரியாகப் பூட்டியது. சுவரில் ஒரு அங்குல ஆழத்துக்குக் கீறல் வெட்டி, தகரத்தின் மேல் விளிம்பை அதற்குள் மடித்துச் செருகி, அந்தக் கீறலைத்தான் பூசி மூட வேண்டும். கீழ் விளிம்பு கூரைச் சீட்டின் மேல் குறைந்தது ஆறு அங்குலம் படிந்து கிடக்க வேண்டும், ஆனால் கூரையோடு ஒட்டப்படக் கூடாது. சுவரில் மாட்டியது சுவரோடு அசையட்டும், கூரை தன் பாட்டில் அசையட்டும். நிறையப் பேர் செய்வது என்னவென்றால் தகரத்தைச் சுவரின் மேல் வைத்து ஆணி அடித்து, மேல் விளிம்பில் சிலிக்கன் தடவிவிட்டுப் போவதுதான். சுவரில் வழியும் தண்ணீர் அந்த விளிம்புக்குப் பின்னால் நேராக இறங்கும்.

ஏற்கெனவே பிளாஷிங் இருந்தும் ஒழுகுகிறது என்றால், அதற்கு மேலே உள்ள சுவரைப் பாருங்கள். பூச்சில் வெடிப்பு இருந்தால் தண்ணீர் சுவருக்குள் புகுந்து பிளாஷிங்கின் பின்பக்கமாக இறங்கி வரும். கூரையைத் திட்டிப் பயனில்லை.

மேல்மாடி ஜன்னல் தடுத்ததால் கூரையைத் தட்டையாகப் போட்டார்கள். சீட் சேரும் இடங்களில் தண்ணீர் ஏறுகிறது.

பத்திக்கு இருக்கும் மிகப் பெரிய வியாதி இது. மேலே ஜன்னல், கீழே உயரம் வேண்டும், நடுவில் அகப்பட்டது சரிவு. சரிவு குறைந்தால் தண்ணீர் மெதுவாக ஓடும், எதிர்க்காற்று அதை, ஒரு சீட் மற்றதன் மேல் படியும் மேற்பொருத்தலுக்குள் தள்ளும்.

கூரையைக் கழற்றாமல் செய்யக்கூடியது: மேற்பொருத்தல் ஆறு அங்குலத்துக்குக் குறைவா என்று பாருங்கள், குறைவென்றால் கூட்டி, இடையில் ஒட்டும் சீலிங் பட்டி வைத்துப் பூட்டுங்கள். ஆணியோ ஸ்குரூவோ சீட்டின் மேட்டில்தான் இருக்க வேண்டும். பள்ளத்தில் அடித்த ஒவ்வொன்றும் தண்ணீர் ஓடும் வழியில் போட்ட துளை. ரப்பர் வாஷர் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தால் மாற்றுங்கள். கழற்றத்தான் வேண்டும் என்றால், நீளம் முழுவதற்கும் ஒரே துண்டாக வரும் தகரச் சீட்டைப் போட்டால் குறுக்கே மேற்பொருத்தலே வராது, தட்டையான கூரைக்கு அதுதான் நல்லது.

பழைய அஸ்பெஸ்டஸ் சீட் என்றால் கவனம். காய்ந்தபடி துளைக்காதீர்கள், உடைக்காதீர்கள், கம்பித் தூரிகையால் பாசி சுரண்டாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கெடுதி. நனைத்து, மெதுவாக, முகக்கவசத்தோடு. மேலே ஏறுபவர் சீட்டில் மிதிக்காமல் பலகை போட்டு நடக்கட்டும், ஈரமான பழைய சீட் ஆளைத் தாங்காது.

பீலி நிரம்பி வழிகிறது. பெரிய டவுன் பைப் மாற்றினால் சரியா?

பெரும்பாலும் குழாய் குற்றவாளி இல்லை. நேராக இறங்கும் 3 அங்குலக் குழாய் நாம் நினைப்பதைவிட நிறையத் தண்ணீரை விழுங்கும். பிரச்சினை அதன் வாயில். பீலியிலிருந்து குழாய்க்குள் இறங்கும் ஓட்டையில் மாவிலை, பலாவிலை, பக்கத்து வீட்டுப் பூச்சட்டி மண், சில நேரம் காகம் கொண்டுவந்து போட்ட எலும்பு. முதலில் அதைத் துப்புரவாக்கி ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

அடுத்தது சரிவு. பத்தடிக்கு ஒரு அங்குலம் அளவில் பீலி சரிய வேண்டும். ஒரு முனையில் தண்ணீர் ஊற்றினால் மறு முனைக்கு முழுவதும் ஓடிவிட வேண்டும், நடுவில் குளம் நிற்கக் கூடாது. நின்றால் பீலியைப் பிடிக்கும் கிளிப் எங்கோ தொய்ந்துவிட்டது. இரண்டடிக்கு ஒன்று என்று கிளிப்புகளைக் கூட்டினாலே சரியாகும். புதிய பகுதி நிலத்தில் இறங்கியிருந்தால் பீலியின் சரிவே தலைகீழாகியிருக்கும், இதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் வழிகிறதா? அப்படியானால் முதல் கேள்வியில் சொன்ன கணக்குத்தான். பழைய கூரையின் தண்ணீரைப் புதிய கூரையில் கொட்ட விடாமல், பழைய கூரைக்கே தனிப் பீலியும் தனிக் குழாயும் போட்டு நேராக நிலத்துக்கு இறக்குங்கள். பலர் செலவை மிச்சம் பிடிப்பது இந்த இடத்தில்தான், பிறகு அதைவிடக் கூடச் செலவழிப்பதும் இந்த இடத்தில்தான். எப்படியும் குழாய் மாற்றுவதென்றால் 4 அங்குலம் போடுங்கள், 3 அங்குலத்தைவிட முக்கால் மடங்குக்கு மேல் இடம் அதிகம், அடைப்பும் குறைவு. பீலி, குழாய், கிளிப் எல்லாம் பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடைகளில் ஒரே இடத்தில் கிடைக்கும். எல்லாவற்றையும் ஒரே வகையில் வாங்குங்கள், வெவ்வேறு கம்பனிப் பொருட்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் மூட்டில் ஒழுகும்.

கொன்கிரீட் சிலாப் போட்டோம். மேலே தண்ணீர் நிற்கிறது, கீழே சீலிங்கில் மஞ்சள் வட்டம்.

சிலாப் தட்டையாகத் தெரிந்தாலும் தட்டையாக இருக்கக் கூடாது. வெளியேறும் ஓட்டையை நோக்கி எட்டு அடிக்கு ஒரு அங்குலமாவது சரிய வேண்டும். சரிவில்லாமல் போட்டாயிற்று என்றால் மேலே சரிவுப் பூச்சுப் போட்டு, காய்ந்த பிறகு வாட்டர்புரூஃபிங். இந்த வரிசையை மாற்றி, பள்ளத்தின் மேலேயே வாட்டர்புரூஃபிங் பூசிவிட்டு "பத்து வருஷ உத்தரவாதம்" என்பவர்களை நம்பாதீர்கள். பூச்சு, சிலாப்பின் ஓரத்தில் நிற்கும் பரப்பட்டுச் சுவரில் ஆறு அங்குலமாவது ஏற வேண்டும், மூலையில் நேர்கோணமாக இல்லாமல் சாந்தால் வளைத்துவிட வேண்டும். சீலிங் வட்டங்களில் பாதிக்கு மேல் அந்த மூலையிலிருந்தும் குழாய் துளையைச் சுற்றியும்தான் வருகின்றன.

இன்னொன்று, பரப்பட்டுச் சுவரில் சிலாப்பிலிருந்து இரண்டு மூன்று அங்குல உயரத்தில் ஒரு உபரிக் குழாய் வையுங்கள். பிரதான ஓட்டை அடைபட்டால் தண்ணீர் அதன் வழியாக வெளியே துப்பும், உங்களுக்கும் அடைப்பு இருப்பது தெரிந்துவிடும். இல்லாவிட்டால் சிலாப் முழுக்க நிறைந்து கதவு வழியாக மேல்மாடி அறைக்குள் வரும்.

சுவரின் அடிப்பகுதியில் பெயின்ட் பொருக்கு விடுகிறது, வெள்ளையாக உப்புப் பூக்கிறது. இணைப்புக் கட்டுவதற்கு முன் இப்படி இல்லை.

பழைய சுவரில், அடித்தளத்துக்குச் சற்று மேலே ஈரத்தடுப்புப் படை ஒன்று இருக்கும். புதிய அறைக்குத் தரை போடும்போது, அல்லது வளவை உயர்த்தும்போது, அந்தப் படைக்கு மேலே மண்ணையும் கொன்கிரீட்டையும் கொண்டுபோய்ச் சுவரோடு சேர்த்திருப்பீர்கள். நிலத்து ஈரம் இப்போது படையைத் தாண்டிப் பக்கவாட்டில் சுவருக்குள் போகிறது. எத்தனை தடவை பெயின்ட் அடித்தாலும் இது நிற்காது.

வெளிப்பக்கம் என்றால் சுவரோரத்தில் ஒரு அடி அகலத்துக்கு மண்ணை வெட்டி, வெளித்தரை உள்தரையைவிட ஆறு அங்குலமாவது தாழ்வாக இருக்கும்படி இறக்குங்கள். சுவரிலிருந்து வெளிப்பக்கமாகத் தரை சரியட்டும், அடிக்குக் கால் அங்குலம். வெட்டிய இடத்தில் முக்கால் அங்குலக் கல் நிரப்பினால் கூரைத்தண்ணீர் விழுந்து சுவரில் தெறிப்பதும் குறையும். அடி ஒன்று, ஒன்றரை உயரத்துக்கு மட்டும் சுவர் அழுக்காகி ஈரமாக இருந்தால் அது ஏறிய ஈரம் இல்லை, தெறித்த ஈரம். உள்பக்கத் தரையே உயர்ந்திருந்தால் வேலை பெரிது, சுவருக்கும் தரைக்கும் இடையில் தடுப்புப் படை வைக்க வேண்டியிருக்கும், அதற்கு விஷயம் தெரிந்த ஒரு பொறியியலாளரைக் கூப்பிடுங்கள்.

உப்புப் பூத்த பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, சுவர் நன்றாகக் காயும்வரை விடுங்கள். மாதக்கணக்கு ஆகலாம். சுவரில் டைல் ஒட்டி மறைப்பது வேண்டாம், ஈரம் டைலுக்கு மேலே ஏறி அங்கே வெளிவரும்.

வீதிக்குக் கார்ப்பெட் போட்டுப் போட்டு உயர்ந்துவிட்டது. இப்போது வீதித் தண்ணீர் எங்கள் வளவுக்குள் வருகிறது. கான் நிரம்பினால் எங்கள் குழாய் வழியாகவே திரும்பி வருகிறது.

கொழும்பில் பழைய வீடு வைத்திருக்கும் எல்லோருக்கும் உள்ள துன்பம். இதில் இரண்டு தண்ணீர் இருக்கிறது, இரண்டையும் பிரித்துப் பாருங்கள்.

வீதியிலிருந்து மேலாக வருவதை வாசலில் ஒரு மேடு கட்டி நிறுத்தலாம், வாகனம் ஏறி இறங்கும் அளவுக்கு மெதுவான மேடு. அதற்கு உள்பக்கம் குறுக்கே ஒரு கம்பி வலைக் கான். மேடு உங்கள் காணிக்குள் இருக்கட்டும், நடைபாதையில் கட்டினால் மாநகர சபை உடைத்துவிட்டுப் போகும், அது நியாயமும்கூட.

குழாய் வழியாகத் திரும்பி வருவதற்கு ஒருவழி வால்வு பூட்டலாம். ஆனால் ஒன்றை யாரும் சொல்ல மாட்டார்கள்: கான் நிரம்பி வால்வு மூடிக்கொண்டால், உங்கள் கூரைத்தண்ணீரும் வெளியே போக முடியாது. வெளி வெள்ளம் உள்ளே வராது, ஆனால் சொந்தத் தண்ணீரில் நனைவீர்கள். அதனால் வால்வுக்கு முன்னால் தண்ணீர் சேர நிலத்தில் ஒரு கிடங்கும், மிதவை சுவிட்ச் உள்ள சின்ன மோட்டரும் வேண்டும். இரண்டடி நீளம், இரண்டடி அகலம், மூன்றடி ஆழம் என்றால் 340 லீற்றர் கொள்ளும். பெருமழையில் கரண்ட் போவது வழக்கம் என்பதால் மோட்டரை மட்டும் நம்பவும் வேண்டாம். உள்தரை உயரம்தான் கடைசிப் பாதுகாப்பு.

கான் ஏன் நிரம்புகிறது என்பது உங்கள் கையில் இல்லை. நகரத்துக் கால்வாய்கள் வெள்ளவத்தை, தெஹிவளை, முகத்துவாரம் வழியாகக் கடலுக்கும், வடக்கே களனி ஆற்றுக்கும் போகின்றன. களனி உயர்ந்து நிற்கும்போது தண்ணீருக்கு அந்தப் பக்கம் இடமில்லை. 2010 நவம்பரில் நாடாளுமன்ற வளாகத்துக்கே தண்ணீர் புகுந்தது, 2016 மே மாதம் கொலன்னாவைப் பக்கம் நாட்கணக்கில் மூழ்கிக் கிடந்தது. வாசலுக்கு முன்னால் உள்ள கான் அடைத்திருந்தால் அது வேறு கதை. மாநகர சபைக்கு எழுத்தில் அறிவியுங்கள், படத்தோடு, அக்கம்பக்கத்தார் கையெழுத்தோடு. மழைக்கு முன்னால்.

டவுன் பைப்பை மலசல மான்ஹோலில் கொடுத்துவிடலாமா? பக்கத்து வீட்டில் அப்படித்தான்.

வேண்டாம். கொழும்பு நகரில் கழிவுநீர்க் குழாயும் மழைநீர்க் கானும் தனித்தனி. கழிவுநீர்க் குழாய் வீட்டுக் கழிவின் அளவுக்குக் கட்டியது, அதில் கூரைத்தண்ணீரை விட்டால் தாழ்வாக உள்ள ஏதாவது ஒரு வீட்டின் கொமட்டில் எல்லாம் மேலே வரும். அந்த வீடு உங்களுடையதாகவும் இருக்கலாம். சொந்த மலசலக்குழி உள்ள இடங்களில் விட்டால் குழி நிரம்பி, மாதத்துக்கு ஒரு பவுசர் கூப்பிட வேண்டிவரும்.

உறிஞ்சு குழி வெட்டினால் பிரச்சினை முடியுமா?

மண்ணைப் பொறுத்தது. ஒரு அடி ஆழத்தில் ஒரு குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி வற்ற விட்டு, மறுபடி நிரப்பி எவ்வளவு நேரத்தில் வற்றுகிறது என்று பாருங்கள். கடற்கரைப் பக்கத்து மணலில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வற்றும். கபுக்கல் (செம்புரைக்கல்) மண்ணில் பரவாயில்லை. நிரப்பிய சதுப்புக் காணியில் அடுத்த நாளும் அப்படியே நிற்கும், அங்கே குழி வெட்டினால் நுளம்புக் குளம்தான் மிச்சம். சோதனையை மழைக்காலத்தில் செய்யுங்கள், பெப்ரவரியில் எல்லா மண்ணும் குடிக்கும்.

நல்ல மண்ணாக இருந்தாலும் குழி சுவரிலிருந்து ஒரு பதினாறு அடியாவது தள்ளி இருப்பது நல்லது, அத்திவாரத்துக்குப் பக்கத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஆறு பேர்ச் என்றால் மொத்தம் 1,633 சதுர அடி. வீடும் இணைப்பும் போக அந்தத் தூரம் எங்கே இருக்கிறது? பெரும்பாலான கொழும்புக் காணிகளுக்கு இது பொருந்தாது என்பதுதான் உண்மை.

அப்படியானால் தாங்கியில் சேமித்தால்?

நல்ல யோசனை, 2007 இல் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்தைத் திருத்தி மழைநீர் சேகரிப்பைச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தும் இருக்கிறார்கள். தோட்டம், வாகனம் கழுவ, கொமட்டுக்கு என்று பாவிக்கலாம், தண்ணீர்க் கட்டணமும் குறையும். ஆனால் வடிகான் பிரச்சினைக்குத் தீர்வாக இதை எண்ண வேண்டாம். 1,000 லீற்றர் தாங்கி மேலே சொன்ன 73 சதுர மீற்றர் கூரைக்கு 14 மில்லிமீற்றர் மழையிலேயே நிரம்பிவிடும். அதற்குப் பிறகு வரும் தண்ணீருக்கு வழி வேண்டும், அதாவது தாங்கியின் உபரிக் குழாய் கானுக்குப் போக வேண்டும். தாங்கியை வைத்து உபரிக் குழாயைச் சுவரோரம் விட்டிருக்கும் வீடுகள் ஏராளம்.

எங்கள் பீலித்தண்ணீர் மதிலுக்கு அந்தப் பக்கம் விழுகிறது என்று பக்கத்து வீட்டு ஐயா சண்டைக்கு வருகிறார்.

அவர் சொல்வது சரி. மேட்டு நிலத்திலிருந்து இயற்கையாக வழியும் தண்ணீரைப் பள்ள நிலத்துக்காரர் ஏற்கத்தான் வேண்டும், ஆனால் நீங்கள் கூரை கட்டி ஒரே இடத்தில் சேர்த்துக் கொட்டும் தண்ணீர் இயற்கையாக வழிவது இல்லை. மதிலை ஒட்டிக் கூரை போட்டிருந்தால் பீலி முழுக்க உங்கள் பக்கம் இருக்க வேண்டும், நிரம்பி வழிந்தாலும் உங்கள் பக்கம் வழிய வேண்டும். அதற்கு ஒரு தந்திரம்: பீலியின் உங்கள் பக்க விளிம்பை மற்றதைவிட அரை அங்குலம் தாழ்த்திப் பூட்டச் சொல்லுங்கள்.

முதலில் போய்ப் பேசுங்கள், நோட்டீஸ் எல்லாம் பிறகு. பேசித் தீராவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது, 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தில் அமைந்தது, இப்படியான அயலவர் சச்சரவுகள் அங்கே நிறையத் தீர்கின்றன. நீதிமன்றம் என்றால் பீலியின் விலையைப் போல எத்தனையோ மடங்கு போகும்.

பழைய கான் இப்போது புதிய அறையின் தரைக்கு அடியில். என்ன செய்வது?

கட்டுவதற்கு முன் கேட்டிருந்தால் பதில் சுலபம். இப்போது முதலில் அது வேலை செய்கிறதா என்று பாருங்கள்: மேல் முனையில் ஒரு வாளி சாயத் தண்ணீர் ஊற்றுங்கள், கீழ் முனையில் சாயம் வருகிறதா? வந்தால், அறைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று மணல் பிடிக்கும் குழி கட்டி மூடி போடுங்கள். அடைத்தால் அங்கிருந்து கம்பி விடலாம். வராவிட்டால் தரையை உடைப்பதைவிட, அறையைச் சுற்றிப் புதிய குழாய் விடுவது பெரும்பாலும் மலிவு. நூறு அடிக்கு ஒரு அடி சரிவு, திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு குழி. சுற்ற இடமில்லாமல் மதில் வரை கட்டியிருந்தால் உடைக்கத்தான் வேண்டும், வேறு பதில் இல்லை.

பீலியில் தண்ணீர் நின்றால் அபராதமா?

நுளம்புக் குடம்பி இருந்தால் ஆம். 2007 ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் பீலிக்கும் பொருந்தும். 2017 இல் நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது, அதனால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஏணி கேட்டால் கோபப்படாதீர்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை பீலியைப் பாருங்கள். நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும்வரை ஏறத்தாழ ஒரு வாரம்தான்.

அனுமதி எடுக்காமல் கட்டிய இணைப்பு. வடிகான் வேலை செய்தால் மாட்டிக்கொள்வோமா?

உங்கள் காணிக்குள் பீலியும் குழாயும் மாற்றினால் யாரும் கேட்டு வரமாட்டார்கள். வீதிக்கானில் புதிதாக இணைப்புக் கொடுக்கவோ நடைபாதையை வெட்டவோ அனுமதி வேண்டும், அப்போது கேள்வி வரும். பின்பக்கத் திறந்த வெளி என்று விதியில் இருப்பது வெறும் சிவப்பு நாடா இல்லை, காற்றோடு தண்ணீர் போகும் வழியும் அதுதான். வரைபடக் கலைஞர் ஒருவரைப் பிடித்து முறைப்படுத்த முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். வீட்டை விற்கும் நாளில், அனுமதித்தபடியே கட்டியது என்று காட்டும் இணக்கச் சான்றிதழ் கேட்பார்கள்.

எப்போது வேலையைத் தொடங்குவது, மேசனிடம் எப்படிப் பேசுவது?

ஜனவரி, பெப்ரவரி. அப்போதுதான் கொழும்பில் மழை குறைவு, பூச்சும் வாட்டர்புரூஃபிங்கும் காயும். மார்ச் கடைசியில் பின்னேர இடிமழை தொடங்கிவிடும், மே மாதத்தில் நல்ல மேசனைப் பிடிக்க முடியாது, எல்லோரும் அவரைத்தான் தேடுவார்கள்.

"ஒழுக்கை நிறுத்தித் தாருங்கள்" என்று மொத்தமாகப் பேசாதீர்கள். எந்தப் பீலி, எத்தனை அடி, எந்த அளவுக் குழாய், தண்ணீர் கடைசியில் எங்கே போய் விழும் என்று ஒரு தாளில் கீறிக் காட்டி அதற்கு விலை கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு, அதாவது தண்ணீர் எங்கே போகும் என்பதற்கு, தெளிவாகப் பதில் சொல்லாமல் "அது போகும் சேர்" என்பவருக்கு வேலையைக் கொடுக்க வேண்டாம். பணத்தில் ஒரு பங்கை, பத்தில் ஒன்றாவது, முதல் பெருமழை வரை பிடித்து வைப்பதாக ஆரம்பத்திலேயே சொல்லி ஒத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்த பிறகு சொன்னால் சண்டை. நல்ல பாஸ் இதற்குச் சம்மதிப்பார், மழை பெய்யும் அன்று தானே வந்து பார்ப்பவர்களும் உண்டு.